கொடைக்கானல் சரிவில் முட்டி ஜவ்வுக் காயம்: அறுவை இல்லாமல் தேற எந்த வழி மேல்?

வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறைப் பக்கம் முட்டி வலிக்காரர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் வரும்: "ஏறும்போது சமாளிச்சிடுறேன், இறங்கும்போதுதான் உயிர் போகுது." அவர்கள் சொல்வது சரி. இறக்கத்தில் ஒவ்வோர் எட்டுக்கும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தமெல்லாம் முட்டிச் சில்லின் பின்பக்கத்தில் போய் விழுகிறது. அதனால் சமவெளியில் வசிப்பவருக்கு நல்லதாக இருக்கும் வழியை அப்படியே மலைக்குத் தூக்கிவர முடியாது. மருத்துவர் "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டால் நம் முன்னால் நாலைந்து வழிகள் நிற்கும். அவற்றை இறக்கத்தை மனதில் வைத்து எடை போடுகிறேன்.

முதலில், ஸ்கேன் பார்த்து "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொன்னால் எந்த இடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஜவ்வு என்று நான் சொல்வது மெனிஸ்கஸ், அதாவது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெத்தை. ஒவ்வொரு முட்டியிலும் பிறை வடிவத்தில் அவை இரண்டு இருக்கின்றன. அவற்றின் வெளி ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு. அங்கே ஏற்படும் சிறு கிழிசல் தானாகவே கூடக்கூடும். உள்பக்கத்துக்கு ரத்தம் போவதில்லை. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பிலோ ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனால் கிழிசல் ஒட்டாவிட்டாலும் வலி போகலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை. ஸ்கேன் தாளைப் பார்த்து மட்டும் பயந்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சிலர் காத்திருக்கக் கூடாது. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றால், இளம் வயதில் விளையாடும்போது புதிதாகக் கிழிந்திருந்தால், எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரும் சேர்ந்து அறுந்திருந்தால், மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டியிருக்கும் வேர்ப் பகுதியே பிய்ந்திருந்தால் உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தைக்க வேண்டிய கிழிசலைத் தள்ளிப்போட்டால் தைக்க முடியாமலே போய்விடலாம். இனி வருவதெல்லாம் மற்றவர்களுக்கு, குறிப்பாக 40 தாண்டியவர்களுக்கு.

ஓய்வும் உடற்பயிற்சியும்

நம் ஊரில் முதலில் கிடைக்கும் அறிவுரை "நடக்காதே, பட்டை போட்டுக்கோ" என்பதுதான். காயம் பட்ட முதல் சில நாட்களுக்கு அது சரி. முட்டியில் நீர் கோத்திருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை தானாகவே செயலைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதை வற்புறுத்தினால் பலன் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தால் அதே தசை மெலிந்துபோகும், பிறகு இறக்கத்தில் உடம்பைப் பிடிக்க ஆள் இல்லை. குருத்தெலும்புக்கும் அசைவு தேவை. பஞ்சை அழுத்தி விட்டால் நீரை உறிஞ்சிக்கொள்வது போல, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால்தான் மூட்டு நீரிலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. முட்டிப் பட்டை போட்டால் கதகதப்பும் தைரியமும் கிடைக்கும். தசையின் வேலையை அது செய்யாது.

உடற்பயிற்சியின் பக்கம் சான்று வலுவாக இருக்கிறது. முதலில் அறுவையால் கூடுதல் பலன் உண்டா என்று பார்ப்போம். ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயது வரை உள்ள 146 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கிழிந்த ஜவ்வை உண்மையிலேயே வெட்டிச் சீராக்கினார்கள். மறுபாதிக்கு அறுவை செய்ததுபோல் காட்டினார்கள், அவ்வளவுதான். ஓர் ஆண்டு கழித்து இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2013-இல் வந்த முடிவு இது. 2018-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில் 45 முதல் 70 வயது வரை உள்ள 321 பேர். 16 முறை பிசியோவுக்குப் போனவர்கள், இரண்டு ஆண்டு முடிவில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு இணையாகவே நடமாடினார்கள். ஒன்றையும் மறைக்கக் கூடாது: பிசியோவில் தொடங்கியவர்களில் பத்துக்கு மூன்று பேர் அந்த இரண்டு ஆண்டுக்குள் அறுவைக்குப் போய்விட்டார்கள். அப்படிப் பார்த்தாலும் பத்துக்கு ஏழு பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை.

என்ன பயிற்சி? ஆரம்பத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது, படுத்துக்கொண்டு நேராகக் காலைத் தூக்குவது, இடுப்பைத் தூக்கும் பயிற்சி. வீக்கம் இறங்கியதும் சுவரில் சாய்ந்து பாதி அளவுக்கு மட்டும் உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. அப்புறம்தான் சிறிய படியில் ஏறுவது. அதைவிடக் கடினமான, மெதுவாக இறங்கும் பயிற்சி அதற்கும் பிறகு. மலையில் இருப்பவருக்கு அந்தக் கடைசிப் பயிற்சிதான் உயிர்நாடி. வலி கொஞ்சம் வந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. காலையில் முட்டி வீங்கியிருந்தால் முந்தைய நாள் அதிகம். கொடைக்கானல் குளிரில் விடிந்ததும் முட்டி விறைப்பாக இருக்கும், அதனால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோ வெயில் வந்த பிறகோ தொடங்குங்கள்.

இதை யாரிடம் கற்றுக்கொள்வது? வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போய்வருவது 100 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வழிப் பயணம். மலைப் பாதையில் மணிக்கணக்கில் முட்டியை மடக்கி முன் இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிசியோவில் கிடைத்த நன்மை பஸ்ஸிலேயே கரைந்துவிடும். ஆனால் ஒருவரும் பார்க்காமல் வீட்டிலேயே செய்தால் முட்டி உள்பக்கம் சாய்வது நமக்கே தெரியாது. என் கருத்தில் நடுவழிதான் நல்லது: முதலில் ஒரு முறை நேரில் போய் முழுதாகக் கற்றுக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு மாறும்போது மட்டும் மறுபடி காட்டுவது. இடையில் வீடியோ அழைப்பில் பார்க்கச் சம்மதிக்கும் பிசியோ கிடைத்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் நடைவழிப் பக்க இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலை நீட்டலாம்.

ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி வேகமானது. சில நாட்களில் வீக்கமும் வலியும் இறங்கும், பயிற்சியைத் தொடங்க அது ஒரு வாய்ப்பு. ஆனால் திரும்பத் திரும்பப் போடுவது வேறு கதை. மூட்டுத் தேய்மானமும் உள்வீக்கமும் உள்ள 140 பேரில் ஒரு தரப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் ஸ்டீராய்டும், மறுதரப்புக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். 2017-இல் வந்த முடிவுப்படி ஸ்டீராய்டு தரப்பில் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. வலியிலோ வேறுபாடு இல்லை. 2020-இல் வந்த இன்னோர் ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 156 பேரில் பிசியோ பெற்றவர்கள், ஓர் ஆண்டு முடிவில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போது பெரிய விளம்பரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தேய்மானம் உள்ள 288 பேருக்குப் போட்டுப் பார்த்து 2021-இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் உப்புநீர் ஊசியைவிட அது மேலாக இல்லை. அதற்காகத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். மூட்டுக்குள் வழுவழுப்புக்காகப் போடும் ஜெல் ஊசியை எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டாம் என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது.

மாத்திரை, தைலம், கிழங்கு சூப் மூன்றையும் ஒரே பத்தியில் முடித்துவிடலாம். குளுக்கோசமைன் மாத்திரையை 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் வந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. யூக்கலிப்டஸ் தைலம் தேய்த்தால் தோலில் சூடு பரவி வலி மரத்துப்போகும், இரவில் தூக்கம் வரும், தேய்க்கலாம். வீங்கிய முட்டியை முறுக்கி உருவுவது மட்டும் வேண்டாம். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிப்பவர்கள் குடிக்கட்டும், பயிற்சியை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

நடக்கும் இடம்

மலையில் நடைப்பயிற்சி என்றாலே ஏற்ற இறக்கம்தான். கொடைக்கானலில் இருப்பவர்களுக்குக் கிடைத்த வரம் ஏரிச் சாலை. சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். வார நாளில் காலையில் வாகன நெரிசல் குறைவு. முழுச் சுற்று வேண்டாம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, வாரத்துக்கு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள். கோக்கர்ஸ் வாக் நடைபாதை சுமார் 1 கிலோமீட்டர், கைப்பிடி உண்டு, ஆனால் மழையிலும் மூடுபனியிலும் தரை வழுக்கும். அங்கே நான் இரண்டாம் கட்டத்தில்தான் போகச் சொல்வேன்.

நடையைவிட முட்டிக்கு இலகுவானது சைக்கிள். ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கிறது. இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி வலிக்கும், அதனால் பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீளும்படி உயர்த்தித் தரச் சொல்லுங்கள். நீச்சலும் நல்லதுதான். நம் ஊர்க் குளிரில் அது எத்தனை பேருக்கு நடக்கும்?

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சரிவில்தான் போக வேண்டும், அது தவிர்க்க முடியாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒரு தடி மட்டும் என்றால் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில். இரண்டு தடியோடு செங்குத்தான இறக்கத்தில் நடந்தால் முட்டிச் சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாக 1999-இல் ஓர் ஆய்வு காட்டியது. எட்டைச் சின்னதாக வையுங்கள், ஒற்றையடிப் பாதை அகலமாக இருந்தால் வளைந்து வளைந்து இறங்குங்கள். உடல் பருமன் இருப்பவர் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டியின் சுமை நாலு கிலோ குறைகிறது. ஊசிக்குச் செலவழிக்கும் பணத்தில் கிடைக்காத ஆதாயம் இது.

நம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். பூண்டுக்கும் கேரட்டுக்கும் களை எடுப்பது குத்தவைத்து உட்கார்ந்துதான். முட்டி முழுதாக மடங்கும்போது மெனிஸ்கஸின் பின்பக்கம்தான் நசுங்குகிறது, கிழிசல் பெரும்பாலும் அங்கேதான். தாழ்வான முக்காலி ஒன்றை வரிசையோடு நகர்த்திக்கொண்டு வேலை செய்யலாம். கழிப்பறையில் மேலே வைக்கும் நாற்காலி வாங்கிப் போடுங்கள். சம்மணம் போடுவதைச் சில மாதம் தள்ளிவையுங்கள். வீட்டு ஆண்கள் இதைக் காது கொடுத்துக் கேட்டு, குனிந்து செய்யும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பின் ஒரு படியிலிருந்து வலிக்கும் காலை ஊன்றி, மற்றக் காலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பாருங்கள். முட்டி உள்ளே சாயாமல், மறுநாள் வீங்காமல் இருந்தால் தடியோடு சின்ன இறக்கத்தில் தொடங்கலாம், சுமை எதுவும் இல்லாமல். மூட்டை தூக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதுவும் ஒரே நடையில் கொண்டுவருவதை இரண்டு நடையாகப் பிரித்து.