மின்சாரம் போனால் மீனுக்கு எது: இன்வெர்ட்டரா, பவர் பேங்கா?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த அந்த இரவு முழுவதும் என் கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. இன்வெர்ட்டர் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இரண்டடித் தொட்டியில் ஐந்து தங்கமீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. (ஐந்து என்பதே அந்தத் தொட்டிக்கு அதிகம், அது வேறு வழக்கு.) தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினால் சற்று நேரம் கீழே இறங்கும், அரை மணியில் மறுபடி மேலே வரும். விடிந்தபோது மூன்றுதான் மிச்சம்.

அதன் பிறகு கிடைக்கிற மாற்று வழிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மின்தடையின்போது விளக்கு வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் ஹீட்டரும் வேண்டாம். வேண்டியது காற்று மட்டுமே. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும்; சூடு ஏற ஏற அதுவும் குறையும். செடி வைத்த தொட்டியானால் இரவில் செடியும் பங்குக்கு வரும். ஆக, நாம் காப்பாற்ற வேண்டியது மூன்று முதல் ஐந்து வாட் இழுக்கும் ஓர் ஏர் பம்ப்பைத்தான்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் மனம் அங்கேதான் போகும். காலை 9 மணிக்கு நிறுத்திப் பிற்பகலில் கொடுக்கும் பராமரிப்பு மின்தடைக்கு அது தாராளம். தானாக மாறிக்கொள்ளும், ஆள் வேண்டியதில்லை. பழைய ஸ்கொயர் வேவ் வகையானால் பம்ப் வண்டு போல இரைந்து சூடேறும். சைன் வேவ் வகையில் அந்தத் தொல்லை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குக்கு 1,800 வாட்-மணி உண்டு. இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ரவுட்டர் என்று 200 வாட் ஓடினால் ஆறேழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மீனுக்காக மற்றதையெல்லாம் அணைத்து வைக்கலாம் என்றால், இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே பம்ப்பைவிட அதிகம் தின்னும். அதோடு, புழுக்கத்தில் கிடக்கும் பாட்டியின் மின்விசிறியை யார் அணைப்பது?

கணினி யுபிஎஸ்ஸை இரண்டு வரியில் முடித்துவிடலாம். உள்ளே இருப்பது 7 ஆம்பியர்-மணி குட்டி பேட்டரி. அதில் பெரும்பங்கு 230 வோல்ட்டாக மாறுவதிலேயே கரையும். மீதி நேரம் கீச் கீச்சென்று கத்தி வீட்டையே எழுப்பும்.

பெரிய டார்ச் செல் இரண்டு போடும் பம்ப் விலை குறைவு, நம்பகமானது. மீன் வாங்கி வரும் பையோடு பேருந்தில்கூடக் கொண்டுபோகலாம். ஆனால் சத்தம் அதிகம். புயல் அறிவிப்பு வந்த மாலையில் கடையில் செல் கிடைக்காது.

என் ஓட்டு பவர் பேங்குக்கும் ஒன்றரை வாட் யுஎஸ்பி ஏர் பம்ப்புக்கும்தான். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அட்டையில் போட்டிருப்பது 37 வாட்-மணி. இழப்பு போக 25 கைக்கு வந்தால்கூடப் பதினாறு மணி நேரம் குமிழி வரும். தீர்ந்தால் மின்சாரம் இருக்கிற இடத்துக்கு எடுத்துப்போய் ஏற்றி வரலாம். இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போக முடியுமா? ஒரு பொறி உண்டு. சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைவான மின்னோட்டத்தைக் கண்டால் எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்து அணைந்துவிடும். என்னுடையது அரை நிமிடத்தில் படுத்துக்கொண்டது. இரண்டாவது பம்ப்பையும் சேர்த்து மாட்டிய பிறகுதான் ஓடியது. புயலுக்கு முன்பே ஓர் இரவு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தானாக மாறாது என்பதுதான் இதன் குறை. பகலில் வீடு பூட்டிக் கிடப்பவர்கள், ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன டிசி யுபிஎஸ்ஸில் 5 வோல்ட் வெளியீடு உள்ளதாகப் பார்த்து யுஎஸ்பி பம்ப்பை அதிலேயே நிரந்தரமாக மாட்டிவிடலாம்.

எதை வாங்கினாலும் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் பம்ப் வழியாகத் தரைக்கு வந்துவிடலாம். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் வடிகட்டி) பல மணி நேரம் நின்றுவிட்டால் அப்படியே திரும்ப ஓட்டாதீர்கள். உள்ளே அழுகிய நீர் நேராகத் தொட்டிக்குள் போகும். திறந்து தொட்டி நீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். மின்சாரம் வரும்வரை தீனியும் வேண்டாம். குராமியும் ஃபைட்டரும் வளர்ப்பவர்கள் இவ்வளவு பதற வேண்டியதில்லை. பனையேறிக் கெண்டையைப் போல அவை மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து எங்கள் தெரு மூன்று நாள் இருண்டு கிடந்தபோது தங்கமீன் ஒன்றும் சாகவில்லை. இரண்டாம் நாள் மட்டும் ஒரு தகராறு: கைபேசி அணைந்துபோன மகள், மீனின் பவர் பேங்கைப் பத்தே நிமிடத்துக்குக் கேட்டாள். கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதுவரை நான் பழையபடி குவளையோடு நின்றேன். இப்போது அதன் முதுகில் ஒரு மீன் படம் ஒட்டியிருக்கிறது.