பந்தல் காலுக்குப் பட்டை எடுக்க: அரிவாளா, உளியா, கண்மாயா?

சென்ற முறை பாகற்பந்தலுக்குச் சவுக்குக் கால்களைப் பட்டையோடு நட்டேன். அடுத்த வருடமே ஒன்று சாய்ந்தது. பட்டையை நகத்தால் நெம்பினால், உள்ளே கட்டை மாவாக உதிர்ந்தது. பட்டைக்கு அடியில் ஈரமும் மாவுச்சத்தும் தங்கும். வண்டுப் புழுவுக்கு வேறென்ன வேண்டும்? இந்த முறை வாடிப்பட்டித் தோட்டத்துக்கு 20 வேப்பங்கால்கள், எல்லாம் உரித்தே நடுவது என்று முடிவு.

அரிவாள் வீட்டிலேயே இருக்கிறது. அதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. கூரான வாய் பட்டையோடு கட்டையையும் கொத்திவிடுகிறது. கொத்தின குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். கணுவில் பட்டுத் துள்ளினால் முழங்கால் பத்திரம்.

எனக்குப் பிடித்தது உளி. லாரியின் பழைய வில்பட்டைத் துண்டைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து, முனையைத் தட்டையாக அடித்து வாங்கினேன். தீட்ட வேண்டாம் என்று கொல்லரே சொல்லிவிட்டார். மழுங்கல் வாய்தான் கட்டையைக் கடிக்காமல் பட்டைக்கு அடியில் ஓடுகிறது. அடிப்பக்கம் ஒரு கீறல் போட்டு நுழைத்து நெம்பினால், முழ நீளப் பட்டை சடசடவென்று பிரிகிறது. உள்ளே கட்டை தோலுரித்த நுங்கைப்போல வழுக்குகிறது. ஆனால் மரம் துளிர்த்து வளரும் பருவத்தில், வெட்டிய ஓரிரு நாளில்தான் இந்தச் சுகம். ஒரு வாரம் வெயிலில் கிடந்த கால்களைக் கோடாலி முதுகால் சுற்றிச் சுற்றித் தட்டி நெகிழ்த்திய பிறகே உளி இறங்கியது. 4 கால் முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

காய்ந்தே போன கட்டை என்றால் கண்மாயில் ஊறப்போடலாம். வாரக்கணக்கில் ஊறினால் பட்டை கையோடு வரும்; நாற்றமும் கூடவே வரும். மூங்கிலில் உரிக்கப் பட்டை இல்லாவிட்டாலும் இதையே சொல்வேன், ஊறல் மாவுச்சத்தைக் கரைத்து உளுப்பைக் குறைக்கும். சித்திரையில் மட்டும் யோசனை கேட்காதீர்கள். அப்போது எங்கள் கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

உரித்த கால்களை நிழலில் அடுக்குங்கள். நான் வெயிலில் போட்ட இரண்டும் நுனியில் வெடித்துவிட்டன. மண்ணுக்குள் போகும் 2 அடிக்குத் தாரும் பூச வேண்டும். கரையானுக்குப் பட்டை ஒரு பொருட்டே இல்லை.

வேலிக்குக் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு) ஊன்றுகிறவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். பட்டை போனால் போத்து துளிர்க்காது.