பீப் ஒலி, எல்இடி, போஸ்ட் கோடு: ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டரில் எதை நம்பலாம்?

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே நிற்கிறது. அந்த நேரத்தில் மதர்போர்டு தன் கோளாறைச் சொல்ல மூன்று வழிகள் உண்டு: பீப் ஒலி, போர்டின் ஓரத்தில் எரியும் சின்ன எல்இடி, இரண்டு இலக்க போஸ்ட் கோடு. மூன்றும் ‘போஸ்ட்’ எனப்படும், ஆன் செய்தவுடன் போர்டு தானாக நடத்தும் ஒரே சோதனையின் முடிவைத்தான் சொல்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் நம்மை ஏமாற்றும் இடம் வேறு.

பீப் ஒலிதான் மூத்தது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இருந்தது. திரை உயிர் பெறுவதற்கு முன்பே கோளாறைச் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் ஒலியைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய போர்டுகள் பலவற்றின் பெட்டியில் பஸ்ஸர் (பீப் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) வருவதில்லை. போர்டு ஊமை என்று முடிவு கட்டுவதற்கு முன், ஃப்ரண்ட் பேனல் பின்களுக்குப் பக்கத்தில் ‘ஸ்பீக்கர்’ என்று அச்சிட்ட நான்கு பின் இடத்தைத் தேடுங்கள். அதில் ஒரு சின்ன பஸ்ஸரைச் செருகினால் போதும். மூன்று வழிகளில் இதுதான் மலிவு.

இதன் பெரிய ஆபத்து, எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று சொல்லும் அட்டவணை. போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸை அவார்டு, ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் என்று பல நிறுவனங்கள் செய்தன, ஒவ்வொன்றின் அட்டவணையும் வேறு. ஒரு நீள ஒலி, இரண்டு குட்டை ஒலி என்றால் பழைய அவார்டு பயாஸில் கிராஃபிக்ஸ் கார்டு கோளாறு. அதே ஒலி இன்றைய ஆசுஸ் போர்டில் வந்தால் ராம் கண்ணில் படவில்லை என்று பொருள். அங்கே கிராஃபிக்ஸுக்கு ஒரு நீளம், மூன்று குட்டை. பழைய ஏஎம்ஐ பயாஸில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் கணக்கு: 1 முதல் 3 வரை ராம் பக்கம், 5 பிராசஸர், 8 கிராஃபிக்ஸ் மெமரி. ஃபீனிக்ஸ் 1-3-4-1 என்று கொத்துக் கொத்தாக ஒலிக்கும். கிடைத்த பட்டியலைப் பார்த்து நல்ல கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிக் காசைக் கரைப்பது இப்படித்தான் நடக்கிறது. உங்கள் போர்டு மாடலின் மேனுவலைத் தவிர வேறு பட்டியலை நம்பாதீர்கள். ஒலியை மொபைலில் பதிவு செய்து, இடைவெளி விட்டு மறுபடி தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். நடுவில் எண்ணத் தொடங்கினால் கணக்கு தவறும். ஒரே ஒரு குட்டை ஒலி வந்தால் பெரும்பாலும் எல்லாம் சரி என்றே அர்த்தம்.

அட்டவணையே தேவைப்படாத சோதனை ஒன்று உண்டு; பஸ்ஸரை நான் விட்டுக்கொடுக்காததற்கு அதுதான் காரணம். மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். எல்லா ராமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டு கத்தினால் பிராசஸரும் பயாஸும் வேலை செய்கின்றன, சந்தேகம் ராம் மேலும் அதன் ஸ்லாட் மேலும் குவிகிறது. ராம் இல்லாமலும் மௌனம் என்றால் பிராசஸருக்கான 4 அல்லது 8 பின் மின்கேபிள், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), பிராசஸர், போர்டு என்ற வரிசையில் பாருங்கள். அந்த 8 பின் கேபிளைச் செருக மறப்பது சர்வ சாதாரணம்.

ராம்தான் என்று தெரிந்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். மென்மையான பென்சில் ரப்பரால் தங்க நிறப் பட்டைகளை மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு ராமை மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் அது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது. ‘டக்’ என்று கிளிப் பூட்டும் வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கி நிற்பதுதான் வழக்கமான குற்றவாளி.

எல்இடிக்கு வருவோம். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என நான்கு விளக்குகள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே சிக்கல். எண்ண வேண்டாம், அட்டவணை வேண்டாம், புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் அது பகுதியைத்தான் காட்டும், காரணத்தை அல்ல. ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தாலும் டிராம் விளக்கு எரியலாம். டிடிஆர்5 வகை ராம் போடும் போர்டில் முதல் முறை ஆன் செய்யும்போது, ராமுக்கு ஏற்ற அமைப்பைப் போர்டு தேடிப் பார்க்கும் மெமரி டிரெய்னிங் நடக்கும். சில நிமிடங்கள் அதே விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவசரப்பட்டு ஆஃப் செய்தால் டிரெய்னிங் முதலிலிருந்து தொடங்கும். விஜிஏ விளக்கு எரிந்தால், பிராசஸர் இன்டெல் ‘எஃப்’ வகையா என்று பாருங்கள். அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு கட்டாயம். பூட் விளக்கு தனியாக எரிந்தால் எஸ்எஸ்டியில் விண்டோஸ் இல்லாததாகக்கூட இருக்கலாம்.

துல்லியத்தில் போஸ்ட் கோடுதான் முதலிடம். ஏஎம்ஐயின் புதிய பயாஸில் 55 என்றால் ராம் பொருத்தப்படவில்லை. டி6 என்றால் படம் காட்டும் சாதனம் கிடைக்கவில்லை. அவார்டில் சி1-ல் நின்றால் ராமைக் கண்டறியும் கட்டத்தில் மாட்டியிருக்கிறது. ஆனால் எண் திரை விலை உயர்ந்த போர்டுகளில்தான் இருக்கிறது. பிசிஐ ஸ்லாட்டில் செருகினால் அந்தக் கோடைக் காட்டும் மலிவான டெஸ்ட் கார்டு பழைய போர்டுகளுக்கு அருமை. பிசிஐ ஸ்லாட்டே இல்லாத புதிய போர்டில் அதைச் செருக இடமில்லை. எஃப்எஃப் என்ற எண்ணிலும் கவனம் வேண்டும்: அவார்டில் அது சோதனை முடிந்து பூட்டுக்குப் போய்விட்டதைக் குறிக்கும், பிராசஸர் தொடங்கவே இல்லாதபோதும் கார்டு அதையே காட்டலாம்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு எல்இடி உள்ள போர்டும் ஒரு பஸ்ஸரும் போதும். தினமும் பழைய டெஸ்க்டாப்புகள் வந்து குவியும் சர்வீஸ் கடைக்கு டெஸ்ட் கார்டு அவசியம்.

பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்த மூன்றையும் தேட வேண்டாம். இப்போதைய டெல் மாடல்கள் பலவற்றில் பேட்டரி விளக்கு ஆம்பர் 2 முறை, வெள்ளை 3 முறை மினுக்கினால் ராம் கண்டறியப்படவில்லை. 2, 4 என்றால் ராம் கோளாறு. 3, 1 என்றால் சிமாஸ் பேட்டரி (போர்டின் நேரத்தையும் அமைப்பையும் காக்கும் சின்ன பேட்டரி) கோளாறு. நிறம் மாறும் இடத்தைத் தவறவிடாமல் இரண்டு மூன்று சுற்று எண்ணிப் பார்த்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.