பார்ஸ்கேப்: பல வருடமாகப் பார்த்தும் தீராத வாதங்கள்

பார்ஸ்கேப் தொடரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: தனியே இருந்து பார்க்காதீர்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் ஒருவர் ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்’ என்று கேட்க வேண்டும், மற்ற மூன்று பேரும் மூன்று விதமாக மறுமொழி சொல்ல வேண்டும். இந்தத் தொடரின் பாதி அங்கேதான் இருக்கிறது. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பல வருடமாக இது நடக்கிறது. முழுத் தொடரையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம், வாதம் இன்னும் முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1999 மார்ச்சில் தொடங்கி 2003 மார்ச் வரை அமெரிக்காவின் சை-ஃபை சானலில் ஓடிய தொடர். நாலு பருவம், பருவத்துக்கு 22 அத்தியாயம், மொத்தம் 88. படமாக்கியது அவுஸ்திரேலியாவில், சிட்னியில். உருவாக்கியவர் ராக்னி ஓ’பானன், பொம்மைகளும் விசித்திர உயிர்களும் ஜிம் ஹென்சன் நிறுவனத்தின் கைவேலை. ஜோன் கிரைட்டன் என்ற அமெரிக்க விண்வெளி வீரன் ஒரு சோதனைப் பறப்பின்போது, விண்வெளியின் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு குறுக்குவழியாக இணைக்கும் புழுத்துளைக்குள் இழுபட்டு, பிரபஞ்சத்தின் வேறு மூலையில் போய் விழுகிறான். அவனை ஏற்றிக்கொள்வது தப்பியோடும் கைதிகளின் கப்பல். அந்தக் கப்பலுக்கே உயிர் உண்டு, பெயர் மோயா. அதோடு உடலால் இணைந்து அதை ஓட்டுபவர் பைலட்: நாலு கை, நண்டு ஓடு மாதிரிப் பெரிய தலை, எப்போதும் கவலை தோய்ந்த குரல்.

விசித்திரம் நிறையவே உண்டு. பதவி பறிபோன குட்டி மன்னர் ரைஜல் பயந்துவிட்டால் ஹீலியம் வாயு விடுவார், பக்கத்தில் நிற்பவர்களின் குரல் எல்லாம் கீச்சென்று மாறிவிடும். முதல்முறை பார்க்க வருகிறவர்கள் இதில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பொம்மையை வைத்துப் படம் காட்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். இரண்டு மூன்று வாரம் போனபிறகு அதே ஆட்கள் ரைஜலுக்காக வாதாடுவார்கள். தன் சொந்தத்தாலேயே அரியணையை இழந்து, நூறு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்து சித்திரவதைப்பட்ட ஒருவர் ஏன் தட்டில் இருப்பதை எல்லாம் அள்ளி ஒளிக்கிறார், ஏன் யாரையும் நம்பாமல் தனக்கென்று ஒரு பேரம் பேசிக்கொண்டே இருக்கிறார் என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. நிவாரண வரிசையில் நின்றவர்கள்தானே எல்லோரும்.

எங்கள் குழுவில் கரடிப்போக்கில் போன் திருத்தும் ஒரு தம்பி, முரசுமோட்டையிலிருந்து வரும் கணக்கு ரீச்சர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணை, பிறகு என் அம்மம்மா. சிறுபோக வேலை இருந்தால் அண்ணை வரமாட்டார், அந்தக் கிழமை நாங்களும் பார்ப்பதில்லை. ஆங்கிலம் வேகமாகப் போகும் என்பதால் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டு பார்க்கிறோம். தம்பி நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கதையின் நடையை அது குழப்பும் என்று முதலில் நினைத்தோம். உண்மையில் அந்த நிறுத்தங்களில்தான் நல்ல கேள்விகள் பிறந்தன.

இந்தத் தொடரின் பலம், காரியத்தை முதலில் காட்டிவிட்டுக் காரணத்தை வெகுகாலம் கழித்துத் தருவது. சில இடங்களில் ஒரு பருவமே இடையில் கடந்துவிடும். பைலட் விஷயத்தைப் பாருங்கள். முதற் பருவத்தின் ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு விஞ்ஞானி, கப்பலில் உள்ளவர்களுக்கு வீட்டுக்குப் போக வழிகாட்டும் வரைபடம் தருவதாகச் சொல்கிறான். விலை, பைலட்டின் ஒரு கை. கைதிகள் மூவர், ஸான், டார்கோ, ரைஜல், போய் வெட்டி எடுக்கிறார்கள். ஸான் ஒரு பூசாரி, பண்பானவள், அதுவரைக்கும் எங்கள் எல்லோருக்கும் பிடித்தவள். அவளும் சேர்ந்துதான் வெட்டுகிறாள்.

அன்று விறாந்தையில் நடந்த சண்டையை நான் மறக்கமாட்டேன். கை மறுபடி வளரும் என்று தொடர் சொல்கிறது, அதனால் அது பெரிய பாவம் இல்லை என்றார் தம்பி. ரீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “வளருமெண்டா வெட்டலாமோ?” அண்ணைதான் வேறு பக்கம் திருப்பினார். “வீட்டுக்குப் போகலாமெண்டு ஒருத்தன் ஆசை காட்டினா மனிசர் என்னவும் செய்வினம் ரீச்சர். அதை அவங்கள் சரியாத்தான் எடுத்திருக்கிறாங்கள்.” 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து, முகாமில் இருந்து, பிறகு காடு பத்திக் கிடந்த காணிக்குத் திரும்பி வந்தவர் அவர். வீட்டுக்குப் போகும் ஆசையை அவர் லேசான காரணமாக எடுக்கவில்லை. அதை அவர் நியாயப்படுத்தவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பார்ஸ்கேப் நிற்கிறது என்று எனக்கு அன்று பிடிபட்டது.

எல்லோரையும் குழப்பியது பைலட்டின் பொறுமை. தன் இனத்தவர் கப்பலோடு இணையும்போது முதலில் கப்பலுக்கு, பிறகு அதில் பயணிப்பவர்களுக்கு என்று உயிரை ஒப்புக்கொடுத்தவர்கள் என்று சொல்லி அதை ஏற்றுக்கொள்கிறார். தியாகி என்று எழுதிக்கொண்டோம். அடுத்த பருவத்தில், ஐந்தாவது அத்தியாயத்தில், அந்தக் கணக்கு மாறிப்போகிறது.

சியானா என்ற பெண் கப்பலில் ஒரு பழைய பதிவைக் கண்டெடுக்கிறாள். மோயாவுக்கு முன்பு வேறொரு பைலட் இருந்திருக்கிறாள். இந்தக் கைதிகளை அடைத்து வைத்திருந்த பீஸ்கீப்பர் படையினர் அவளைச் சுட்டுக் கொல்கிறார்கள். உத்தரவு கொடுப்பவன் கப்டன் கிரேஸ். சுட்டவர்களில் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள், அது ஏரின் சன். இப்போது கப்பலில் எல்லோரும் நம்பும் ஏரின். பைலட்டுக்கு மிக நெருக்கமானவளும் அவள்தான். விஷயம் தெரிந்ததும் பைலட் அவளின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார்.

அங்கே நிறுத்தியிருந்தாலே நல்ல கதை. ஆனால் மேலும் தோண்டுகிறார்கள். பைலட் தன் கிரகத்தில் மூத்தவர்களால் இன்னும் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர். நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு. வெலோரெக் என்ற பீஸ்கீப்பர் அதிகாரி வந்து கேட்டபோது சம்மதித்துவிட்டார். தான் ஏறுவதற்காக இன்னொருத்தி இறக்கப்படுவாள் என்பதைத் தெரிந்துதான் சம்மதித்தார். அவர் ஏரின்மேல் காட்டிய வெறியில் பாதி தன்மேல் இருந்த வெறி.

இதை ரீச்சர் ஏற்கவேயில்லை. சம்மதம் வேறு, துவக்கைப் பிடிப்பது வேறு என்பது அவரின் நிலை. தம்பி, ஏரின் பிறந்ததிலிருந்து அந்தப் படைக்குள் வளர்ந்தவள், உத்தரவுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருப்பதே அவளுக்கு அப்போது தெரியாது, பைலட்டுக்குத் தெரிவு இருந்தது என்பார். ஆனால் அதே அத்தியாயத்தில், விமானம் ஓட்டும் தன் பதவியைத் திரும்பப் பெறுவதற்காக, தன்னை நேசித்த வெலோரெக்கையே ஏரின் காட்டிக்கொடுக்கிறாள். அதற்கு உத்தரவு ஒன்றும் இல்லை. தம்பியின் வாதம் அங்கே சறுக்குகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொருமுறை பார்க்கும்போதும் எனக்குப் பைலட் கூடக் கூடப் பிடிக்கிறது. அந்த முதற் பருவப் பொறுமை தியாகம் மட்டும் இல்லை, அவர் ஏதோ ஒன்றுக்குக் கடன் கட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் இப்போது அந்தக் கை வெட்டும் காட்சியைப் பார்க்கிறேன். கதாசிரியர்கள் அப்போதே அப்படி நினைத்தார்களோ இல்லையோ, திரும்பிப் பார்ப்பவருக்கு அது அப்படிப் பொருந்திவிடுகிறது.

இன்னொன்று. பைலட்டுக்குக் குரல் கொடுத்தவரும் கப்டன் கிரேஸாக நடித்தவரும் ஒரே ஆள், லானி டூப்பு. கொல்லச் சொன்னவனின் தொண்டையும் அந்தக் கொலையால் இடம் பெற்றவரின் தொண்டையும் ஒன்று. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அத்தியாயம் இன்னும் கனக்கும்.

கிரேஸைப் பற்றிக் கதைக்காமல் எங்கள் விறாந்தையில் ஒரு கிழமையும் போகாது. அவனின் தம்பி டாவோவின் சிறு போர்க்கலம் கிரைட்டனின் கலத்தோடு தற்செயலாக மோதி அழிகிறது. அதற்காகத்தான் முதற் பருவம் முழுக்கத் துரத்துகிறான். எட்டாவது அத்தியாயத்தில் தெரிகிறது, அண்ணனும் தம்பியும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், சிறு வயதில் படைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், போகும்போது தகப்பன் மூத்தவனிடம் தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொல்லி விட்டார் என்று. அந்த இடத்தில் எங்கள் வீட்டில் யாரும் உடனே கதைப்பதில்லை. ஏன் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அண்ணையின் முடிவு, கிரேஸை ஓட்டுவது கோபம் இல்லை, தகப்பனுக்குச் சொல்ல மறுமொழி இல்லாத பயம். ரீச்சர் விடமாட்டார். துரத்துவதை நிறுத்தித் திரும்பி வா என்று மேலிடம் அனுப்பிய கட்டளை தெரிந்த ஒரே ஆளான டீக் என்ற அதிகாரியை அதே அத்தியாய முடிவில் கிரேஸ் தன் கையால் கொல்கிறான். தம்பிக்காக அழுகிறவன் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொல்லலாமா என்பது அவரின் கேள்வி. என் எண்ணம், அந்தக் கொலை வரைக்கும்தான் டாவோ காரணம். அதற்குப் பிறகு கிரேஸ் ஓடுவது தன்னைக் காப்பாற்ற. தம்பியின் பெயர் வாயில் இருக்கும், காரியத்தில் இருக்காது. மூன்றாம் பருவ முடிவில் மோயாவின் பிள்ளைக் கப்பலான டேலினோடு சேர்ந்து, எதிரியின் பெருங்கப்பலுக்குள்ளேயே தன்னை அழித்துக்கொள்கிறானே, அங்கேதான் அவன் மறுபடி ஒரு சிறியவனுக்கு மூத்தவனாக நிற்கிறான். ரீச்சர் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை. டேலினையும் சேர்த்துச் சாகக் கொடுத்துவிட்டான் என்பார். அதுவும் சரிதான்.

மூன்றாம் பருவத்தில் கிரைட்டன் இரண்டு பேராகிறான். நகல் என்று ஒன்று இல்லை, இரண்டுமே அசல். ஒருவன் ஏரினோடு டேலினில் போகிறான், அவர்கள் நேசிக்கிறார்கள், அவன் கதிர்வீச்சில் இறந்துபோகிறான். ஏரின் மோயாவுக்குத் திரும்பினால் அங்கே மற்றவன் உயிரோடு நிற்கிறான். அவனிடம் போக அவளால் முடியவில்லை. தம்பிக்கு இது விளங்கவில்லை. அதே ஆள், அதே நினைவு, பிறகு என்ன தடை என்று கேட்டார். அதுவரைக்கும் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா பாக்குவெட்டியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கடைசியில தண்ணி பருக்கினது மற்றவனுக்கடா. இவனுக்கில்லை.” தாத்தாவை இழந்து பல காலம் ஆனவர். அந்தக் கேள்வியை அதன்பிறகு எங்கள் குழுவில் யாரும் எடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. முதற் பருவத்தின் தொடக்க அத்தியாயங்கள் இழுபடும், புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் கழன்று போவார்கள். நாலாம் பருவத்தில் பல இடம் அவசரமாகவும் குழப்பமாகவும் இருக்கிறது, புதிதாக வந்த கிழவி நொரான்டியின் நோக்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, எழுதியவர்களும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளோடு இருந்து பார்க்கவும் ஏற்றதில்லை. பொம்மைகளைக் கண்டுவிட்டுச் சிறுவர்களைக் கூப்பிட்டு இருத்தாதீர்கள், சித்திரவதையும் உடலுறவுப் பேச்சும் தாராளம். அத்தியாயங்களை மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் நான் மேலே சொன்னது ஒன்றும் வேலை செய்யாது, ஒழுங்காகத்தான் போக வேண்டும்.

நாலாம் பருவத்தைத் தொடங்கும்போதே 2004இல் வந்த ‘பீஸ்கீப்பர் வோர்ஸ்’ குறுந்தொடரையும் எடுத்து வைத்திருங்கள். 2003இல் தொடரை நடுவில் நிறுத்திவிட்டார்கள், கடைசி அத்தியாயம் கிரைட்டனும் ஏரினும் துகள் துகளாக நொருங்குவதோடு முடியும். ரசிகர்கள் விடாமல் கேட்டுப் போராடினார்கள், அதன்பிறகுதான் 2004 ஒக்டோபரில் மிச்சக் கதை வந்தது. அது கொஞ்சம் அவசரப்பட்ட முடிவுதான். என்றாலும் கிரைட்டனின் முக்கிய எதிரியான ஸ்கோர்பியஸ் இவ்வளவு காலமும் எதற்காகக் கிரைட்டனின் மூளைக்குள் இருந்த புழுத்துளை அறிவைத் தேடி அலைந்தான் என்ற கேள்விக்கு அங்கேதான் கணக்குத் தீர்கிறது. அதை இரண்டு இரவாகப் பிரித்துப் பாருங்கள், முதல் இரவு முடிந்ததும் ஸ்கோர்பியஸ் பக்கம் யார் யார் என்று கேட்டு வையுங்கள்.