திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் சரிப்படுமா?

ஈஆர்பிநெக்ஸ்ட், கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்த உதவும், மும்பை ஃப்ராப்பே நிறுவனத்தின் திறமூல மென்பொருள். ஆளுக்கு இவ்வளவு என்று லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாம், அவர்களுடைய கிளவுடில் வாடகைக்கும் எடுக்கலாம். ஸ்டோர், கட்டிங், பேக்கிங், அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டரைக் கவனிப்பவர்) என்று முப்பது நாற்பது பேர் தினமும் திறக்க வேண்டிய கம்பெனிக்கு இந்த ஒரு காரணமே போதும். 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற ஆப்பைத் தனியாகச் சேர்த்தால் இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும் உள்ளிருந்தே போடலாம். கணக்குப் பக்கம் குறை சொல்ல அதிகமில்லை.

பனியன் தொழிலில் இது நிற்பதும் விழுவதும் ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியே கொடுத்து வாங்கும் வேலையில். நூல் வாங்கி, நிட்டிங் கொடுத்து, கிரே (சாயமேறாத) துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்துவது) முடிந்து கட்டிங்குக்கு வரும்வரை சரக்கு பாதி நாள் அடுத்தவர் இடத்தில்தான் கிடக்கிறது. பதிப்பு 14 முதல் சப்கான்ட்ராக்டிங் ஆர்டர், சப்கான்ட்ராக்டிங் ரிசீட் என்று இதற்கென்றே தனி ஆவணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு வேர்ஹவுஸ் திறந்து, சரக்கு போகும்போது ஸ்டாக் என்ட்ரியில் 'சென்ட் டு சப்கான்ட்ராக்டர்' போட்டுவிட்டால், யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அருமையான அமைப்பு. ஆனால் பையிங் செட்டிங்ஸில் பேக்ஃப்ளஷ் என்ற ஒரு வரி இருக்கிறது; வேலை முடிந்து வரும்போது மூலப்பொருளை எதை வைத்துக் கழிப்பது என்று சொல்லும் வரி. முதலிலிருந்தே அது 'பிஓஎம்' (ஒரு பொருளுக்கு எது எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்) என்று இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

விளைவைப் பாருங்கள். 500 கிலோ கிரே போகிறது, பிராசஸ் லாஸ் கழிந்து 475 கிலோ கலர் துணி வருகிறது. பிஓஎம்மில் கிலோவுக்குக் கிலோ என்று எழுதியிருந்தால் 475 கிலோதான் கழியும். மீதி 25 கிலோ பட்டறை பெயரில் நின்றுகொண்டே இருக்கும். மாதம் இப்படி 40 லாட் (ஒரு தடவை சாயத்துக்குப் போகும் துணி) போனால் இல்லாத துணி ஒரு டன். கிரே கிலோ 300 ரூபாய் என்றால் சாயக்கூலி சேர்க்குமுன் கலர் துணியின் அடக்கம் கிலோவுக்கு 316 ரூபாய் வர வேண்டும். திரையில் 300 காட்டும். அந்த விலையை வைத்துத்தான் மெர்ச்சண்டைசர் பையருக்குக் கோட் கொடுப்பார். ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04இலும் அதே தவறான இருப்புதான் போகும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பவில்லையென்றால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த பேக்ஃப்ளஷ் வரியை 'மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்டு' (அனுப்பிய சரக்கின்படி) என்று மாற்றி, ரிசீட் போடும்போது கன்ஸ்யூம்டு குவான்டிட்டியை (கழியும் அளவை) லாட் வாரியாகச் சரிபார்க்க வேண்டும். லாட் இரண்டு நடையாகத் திரும்பினால் லாஸைக் கடைசி நடையில் சேர்ப்பதே முறை. முதல் நடையில் ஊகமாகப் போட்டால் இரண்டாவது நடைக்கு இருப்பு போதாமல் போகலாம்.

அடுத்த ஆபத்து கேட்டில் இருக்கிறது. டி.சி.யை (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கையால் எழுதி வண்டியை அனுப்பிவிட்டு, சாயங்காலம் மொத்தமாக ஏற்றலாம் என்று விட்டால் மதியமே கட்டிங் என்ட்ரி 'ஸ்டாக் இல்லை' என்று நிற்கும். அவசரத்துக்கு யாராவது, இருப்பு இல்லாமலே கழிக்க விடும் 'அலவ் நெகட்டிவ் ஸ்டாக்'கை ஆன் செய்வார்கள். அன்றிலிருந்து அடக்க விலையை நம்ப முடியாது. பின்தேதியிட்டு என்ட்ரி போடப் போட, அந்தத் தேதிக்குப் பிறகான மதிப்பையெல்லாம் மென்பொருள் மறுபடி கணக்கிடும். சரக்கு அதிகமான கம்பெனியில் இந்த மறுகணக்கு ('ரீபோஸ்ட்') வரிசையிலேயே காத்துக் கிடக்கும். டி.சி. பிரிண்ட் மென்பொருளிலிருந்து மட்டுமே வர வேண்டும், அது இல்லாமல் செக்யூரிட்டி வண்டியை விடக் கூடாது. இந்த உத்தரவை முதலாளி வாயால் சொல்ல வேண்டும். ஐ.டி. பையன் சொன்னால் நடக்காது.

ஐட்டம் மாஸ்டருக்கு (பொருள்களின் மூலப் பட்டியல்) ஒரு மாதம் ஒதுக்குங்கள். 12 ஸ்டைல், 6 கலர், 6 சைஸ் என்றாலே 432 கோடு. துணியின் டயாவையும் (குழாய்த் துணியின் அகலம்) வேரியன்டாக்கினால், அதாவது தனித்தனிக் கோடாக்கினால், பட்டியல் கட்டுக்கடங்காது; டயாவை லாட்டோடு, பேட்ச் (லாட் எண்) விவரமாக வைப்பது நல்லது. பேட்ச் உண்டா இல்லையா என்பதையும் ஸ்டாக் அளவையும் முதல் என்ட்ரிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், அப்புறம் மாற்ற விடாது. அளவில் எங்கே வழுக்கும் என்பதற்குப் பட்டன் ஒன்று போதும். குரோஸ் கணக்கில் வாங்குகிறோம் என்று ஸ்டாக்கையும் குரோஸில் வைத்தால், ஒரு போலோ டீ-ஷர்ட்டுக்கு 3 பட்டன் என்பது 0.02083 குரோஸ். மென்பொருள் வழக்கமாக மூன்று தசமம் வரை காட்டும், ஆக 0.021. பத்தாயிரம் பீஸுக்கு 240 பட்டன் கூடுதலாகக் கழிந்துவிடும். ஸ்டாக்கை எண்ணிக்கையில் வைத்து, கொள்முதலுக்கு மட்டும் 1 குரோஸ் = 144 என்று மாற்றுவிகிதம் கொடுத்தால் தீர்ந்தது.

இல்லாதவையும் உண்டு. ஆர்டரைக் கலர்-சைஸ் கட்டமாக அடிக்க முடியாது, வரி வரியாகத்தான். கட்டிங்குக்குப் பிறகு பண்டில் (வெட்டிய துண்டுகளின் கட்டு) எண் தொடர்வதும் டி அண்ட் ஏ காலண்டரும் (ஆர்டரின் ஒவ்வொரு வேலைக்கும் கெடு வைக்கும் அட்டவணை) தனியாகக் கட்ட வேண்டியவை. கட்டலாம், ஆனால் தனி ஆப்பாக. மூல நிரலில் கை வைத்தால் அடுத்த அப்டேட் ஏறாது. 'எங்க வழக்கப்படியே வேணும்' என்று எல்லாவற்றையும் வளைப்பதன் விலைக்கு ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் உதாரணம். சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் பழக்கத்தை விடாமல், விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்ட எஸ்ஏபி என்ற ஈஆர்பி மென்பொருளை மாற்றி மாற்றிக் கட்டி, சுமார் 50 கோடி யூரோ செலவுக்குப் பிறகு 2018இல் திட்டத்தையே கைவிட்டது. பண்டில் எண் நம் தொழிலுக்கு அவசியம், கட்டுங்கள். பழைய எக்ஸெல் ரிப்போர்ட்டின் நிறம் அவசியமில்லை.

தொடக்கத்துக்கு ஏப்ரல் 1 வசதி, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாவிட்டால். பட்டறைகளில் கிடப்பது உட்பட எல்லாச் சரக்கையும் எண்ணி ஸ்டாக் ரீகன்சிலியேஷனில் ஏற்றுங்கள். வரவு-செலவு பாக்கிகளை ஓப்பனிங் இன்வாய்ஸாகப் பில் வாரியாக ஏற்றுங்கள். மற்ற கணக்குகளின் ஓப்பனிங் பாக்கியும் ஏற்றி முடிந்ததும், தொடக்கப் பதிவுகளின் எதிர்ப்பக்கம் நிற்கும் 'டெம்பரரி ஓப்பனிங்' கணக்கைத் திறந்து பாருங்கள். அது பூஜ்யமாக நிற்காதவரை ஒரு பில்கூடப் போட வேண்டாம்.

நிறுவித் தருபவரோடு ஒப்பந்தம் போடும்போது சர்வர் கணக்கு, தினசரி பேக்கப், தனி ஆப்பின் நிரல் மூன்றும் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை முதல் மாத ஸ்டாக் எண்ணிக்கை ஒத்துப்போன பிறகு கொடுங்கள்.