நிக்கோடின் சூயிங்கம்: மூன்று மாதம் மென்று பார்த்ததில்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிகரெட்டை விடுவதற்காக 2 மில்லிகிராம் நிக்கோடின் கம், புதினா வாசனை, அட்டைக்கு 10, அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். 2 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம், 4 மில்லிகிராம் என்றால் வேண்டும். 16 வருஷம் சிகரெட் பிடித்த எனக்கு இது வேலை செய்தது. ஆனால் முதல் வாரம் தப்புத் தப்பாக மென்று, காசு போச்சே என்று தூக்கிப் போட இருந்தேன். இன்னொருத்தர் அப்படிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விட வேண்டும் என்று முடிவெடுத்தது எனக்காக இல்லை. மகளுக்கு 5 வயசு, மழைக்காலம் வந்தால் இளைப்பு. பாளையங்கோட்டையில் பிள்ளைகள் டாக்டரிடம் போனோம். "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கா?" என்று கேட்டார். "நான்தான், ஆனா வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டேன் டாக்டர், புறவாசலுக்குப் போயிருவேன்" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்து, "புறவாசல்ல என்னம்மா இருக்கு?" என்றார். "அடுக்களை ஜன்னல்" என்றாள் அவள். எனக்குத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் அவள் அடுப்படியில் நிற்கும்போது மகள் அவள் காலடியில் உட்கார்ந்துதான் விளையாடுவாள்.

நாம் இழுத்து விடுகிற புகையை மட்டும்தான் நினைக்கிறோம். விரலிடுக்கில் சும்மா புகைந்துகொண்டிருக்கும் நுனியிலிருந்து வருவது எந்த ஃபில்டரும் தாண்டாமல் நேராகக் காற்றில் கலக்கிறது. அந்தப் புகையில் 7000க்கும் மேல் ரசாயனங்கள், அதில் 70 அளவுக்குப் புற்றுநோய் தருபவை. சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் குறுகல், மூச்சும் வேகமாக இழுக்கும். சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருவது வேறு. நான் பிடித்து முடித்த கையோடு வந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். புகையே பிடிக்காமல், பக்கத்தில் இருந்த பாவத்துக்குச் சாகிறவர்கள் உலகத்தில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எங்கள் அம்மா முக்கூடல் பக்கம். சுளகை மடியில் வைத்து ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றிய கை அது. வாயில் வைத்ததில்லை, ஆனாலும் ராத்திரி அந்தத் தூள் வாடையோடுதான் இருமுவாள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த நானே பழகினேன் என்றால், காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. லேத் பட்டறையில் நைட் ஷிப்ட், 2 மணிக்கு ஒரு டீ, டீ என்றால் கூட ஒரு தம். சேர்ந்து நிற்க ஆள் இருக்கிறதே என்பதுதான் ஆரம்பம். அப்புறம் புகையிலையில் இருக்கும் நிக்கோடின் பார்த்துக்கொள்ளும். இழுத்த பத்து நொடியில் மூளைக்குப் போய்விடும், இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறையும், உடனே எரிச்சல், கைநடுக்கம். அடுத்ததைப் பற்ற வைத்ததும் நிம்மதி. டென்ஷன் குறைகிறது என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த டென்ஷனில் பாதியை உண்டாக்கினதே முந்தின சிகரெட்தான்.

கம் வேலை செய்வது இந்த இடத்தில். சிகரெட் புகையில் இருக்கும் தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை, நிக்கோடின் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாயின் உள்தோல் வழியாக ஏறும். அதனால் சிகரெட் மாதிரி சட்டென்று 'கிக்' கிடைக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. மருந்துக்கடைக்காரர் முதலிலேயே சொன்னார், "அண்ணாச்சி, மிட்டாய் மாதிரி மெல்லப்பிடாது, பாத்துக்கிடுங்க." நான் கேட்கவில்லை. சவக் சவக் என்று மென்று எச்சிலை விழுங்கி, தொண்டை எரிச்சலும் நெஞ்சு கரிப்பும் விடாத விக்கலுமாக ஒரு வாரம் போனது. சரியான முறை இதுதான்: மெதுவாக மெல்ல வேண்டும், மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கினால் மறுபடி ரெண்டு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கு. ஒரு கம் அரை மணி நேரம் வரும். முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 12 வாரத்தில் நிறுத்துவது.

பெரிய தொல்லை, மெல்லுவதற்கு 15 நிமிஷம் முன்னால் தொடங்கி, கம் வாயில் இருக்கும் வரை ஒன்றும் குடிக்கக் கூடாது. காப்பி, கலர், ஜூஸ் எதுவானாலும் அந்தப் புளிப்பில் நிக்கோடின் சரியாக ஏறாது. நானும் டீக்கடையில் நின்றால்தான் கை பாக்கெட்டுக்குப் போகிற ஆள், ஆகவே டீயை முதலில் முடித்து, கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டுத்தான் கம்மைப் பிரிப்பேன். முதல் பத்து நாள் கஷ்டம்தான், மறைக்கவில்லை.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தய்யனார் கோவிலுக்குப் போனபோது, கூட்டாளிகளோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒன்று பிடித்துவிட்டேன். ஏழாவது வாரம் அது. மறுநாள் காலையில் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், புகையிலையை விட உதவுகிற 1800-11-2356 எண்ணுக்குப் போன் போட்டேன், காசு கிடையாது. ஒன்று பிடித்ததால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காமல் அன்றைக்கே தொடருங்கள் என்றார்கள். தொடர்ந்தேன்.

அட்டை நூற்றுச் சொச்சம் ரூபாய், நான் சிகரெட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான். இப்போது நாளைக்கு ரெண்டு கம், இந்த மாதக் கடைசியில் அதுவும் இல்லை. 5க்கு 4 கொடுக்கிறேன், ஒன்று குறைந்தது விக்கலுக்கும் தாடை வலிக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவர்களுக்கு 2 மில்லிகிராம் போதாது, டாக்டரைப் பார்த்து 4 மில்லிகிராம் வாங்குங்கள். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே வேண்டாம். மென்று துப்பியதிலும் நிக்கோடின் மிச்சம் இருக்கும், தாளில் சுருட்டிப் போடுங்கள். அட்டை பார்க்க மிட்டாய் மாதிரியே இருப்பதால் நான் அரங்குவீட்டில் பிள்ளை கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.