‘ரவுண்ட்’ என்ற சொல்லுக்கு ஐந்து வேலை

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் ‘பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்’ (சொல் வகைகள்) பாடம் தொடங்கியதும் கடையில் ஒரு சின்ன வழிகாட்டி வாங்கிக் கொடுத்தேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அது நவுனா வெர்பா என்று ஒரே வார்த்தையில் பதில். ஒரு வாரம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். தேர்வில் ‘வாட்டர் த பிளான்ட்ஸ்’ என்று வந்தது. வாட்டருக்குக் கீழே நவுன் என்று எழுதிவிட்டு வந்து, “புக்குல அப்படித்தானேம்மா இருக்கு” என்று அழுதாள். குழந்தை மேல் தப்பே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்று என்னும்போது அது வெர்ப் என்று அந்தப் பட்டியல் சொல்லவே இல்லை.

அப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி வாங்கினேன். 2020இல் வந்த 10ஆம் பதிப்பு. ‘ரவுண்ட்’ என்ற சொல்லை எடுத்தோம். வட்ட மேசை என்னும்போது அட்ஜெக்டிவ், திரும்பிப் பார் என்னும்போது அட்வெர்ப், மேசையைச் சுற்றி என்னும்போது ப்ரெபொசிஷன், போட்டியின் அடுத்த சுற்று என்றால் நவுன், தெருமுனையைச் சுற்றித் திரும்பினால் வெர்ப். ஐந்துக்கும் தனித்தனியாக எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்ததே அந்த வாக்கியங்கள்தான். இதைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். இதன் முதல் வடிவம் 1942இல் வெளியானதும் அங்கேதான். வெளியிலிருந்து ஆங்கிலத்துக்கு வருபவர் எங்கே தடுக்கி விழுவார் என்று தெரிந்தவர் செய்த வேலை இது.

நம் பிள்ளைகள் தடுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் பெயர்த்துப் பார்த்து, ‘ஆன’ என்று முடிந்தால் அட்ஜெக்டிவ், ‘ஆக’ என்று முடிந்தால் அட்வெர்ப் என்று நானே சொல்லிக் கொடுத்திருந்தேன். வேகமான கார், வேகமாக ஓடு: இரண்டிலும் ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’தான், அங்கே இந்த வழி சரியாக வந்தது. ஆனால் ‘ஷீ இஸ் ஹேப்பி’ என்றால் தமிழில் மகிழ்ச்சியாக இருக்கிறாள். ‘ஆக’ வந்ததால் மகள் அட்வெர்ப் என்றாள். அகராதியில் ‘ஹேப்பி’க்கு அட்ஜெக்டிவ் மட்டும்தான், ‘ஹேப்பிலி’தான் அட்வெர்ப். என் சூத்திரம் எங்கே உடைகிறது என்று அன்றுதான் எனக்கே விளங்கியது. ‘இஸ்’ஸுக்குப் பின்னால் நின்று அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்வதும் அட்ஜெக்டிவ்தான்.

வாங்குமுன் இரண்டு விஷயம். விளக்கங்கள் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருக்கும், தமிழ்ப் பொருள் கிடையாது. அதனால் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். ‘மை’, ‘திஸ்’ போன்றவற்றைப் பள்ளி இலக்கணங்கள் பலவும் அட்ஜெக்டிவ் என்னும், இந்த அகராதி டிடெர்மினர் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று எது, யாருடையது என்று காட்டும் சொல்) என்கிறது. தேர்வில் பாடநூல் சொல்வதையே எழுதச் சொல்லிவிட்டேன். பணம் போடுமுன் பார்க்க விரும்பினால் இதே அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் புத்தகத்தைப் புரட்டும்போது பக்கத்துச் சொல்லும் கண்ணில் படுகிறது, அதற்காகவே நான் அச்சுப் பதிப்பை வைத்திருக்கிறேன்.

இப்போது மகள் ‘பேக்’ என்ற சொல்லுக்கு நோட்டில் நாலு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதுகு, பின்பக்கக் கதவு, திரும்பி வந்தாள் மூன்றும் முடிந்துவிட்டன. காரைப் பின்னால் எடுப்பதற்கு வாக்கியம் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.